விழிக்க மறுக்கும் கணிப்பொறி

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரத்துப் பொதுப் பள்ளிகளுள் 19 பள்ளிகளின் கட்டடங்களுக்கு எப்போது வெப்பம் ஊட்டுவது, எப்போது குளிர்ச்சி தருவது என்பதை, 1980-களில் வாங்கிய ஒரே ஒரு கணிப்பொறி கவனித்து வந்தது. கமடோர் நிறுவனம் செய்த 'அமிகா' என்னும் பொறி அது. 2015-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானபோதும் அது இரவு பகலாக உழைத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வேண்டிய நிரலை முதன்முதலில் எழுதியவர் யார் தெரியுமா? அந்நாளில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்! பொறிக்கு ஏதேனும் கோளாறு நேர்ந்தால், அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும், அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்துவந்த அவரைத்தான் பள்ளியினர் அழைத்தனர்.

அதே 2015-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், பாரிசு நகரின் ஓர்லி விமான நிலையத்தில் மூடுபனி படர்ந்திருந்தது. ஓடுபாதையில் எவ்வளவு தொலைவு வரை கண்ணுக்குப் புலனாகும் என்னும் செய்தியை விமானிகளுக்குத் தர உதவும் கணிப்பொறி ஏற்பாடு, அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. விமானங்கள் தரையிலேயே காத்துக் கிடந்தன. அந்த ஏற்பாடு 1992-இல் வெளிவந்த 'விண்டோஸ் 3.1' என்னும் மென்பொருளின்மேல் இயங்கி வந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது.

'இவ்வளவு பழைய பொறிகளை ஏன் இன்னும் கட்டி அழவேண்டும்? தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாமே' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், தொழிற்சாலையில் கணிப்பொறி தனித்து வாழ்வதில்லை. அது ஒரு கடைசல் இயந்திரத்தோடோ, ஒரு நெசவுப் பொறியோடோ, ஓர் உலையோடோ பிணைக்கப்பட்டிருக்கிறது. கடைசல் இயந்திரத்தின் இரும்பு உடல் 40 ஆண்டு உழைக்கும். அதன் மூளையாகிய கணிப்பொறியோ 5 ஆண்டில் பழையதாகிவிடுகிறது. இரண்டையும் இணைக்கும் மின்சுற்று அட்டைகளைச் செருகுவதற்குப் புதிய கணிப்பொறிகளில் பொருத்துவாயே கிடையாது. அப்படியே செருகினாலும் பழைய நிரல் புதிய பொறியில் ஓடுமா என்பது ஐயம். ஒரு சான்று சொல்கிறேன். 'டர்போ பாஸ்கல்' என்னும் மொழியில் அந்நாளில் எழுதப்பெற்ற நிரல்கள் பல, தொடங்கும்போதே செயலியின் வேகத்தை அளந்துகொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் தான் எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். பிற்காலத்துச் செயலிகளோ மிக விரைந்தவை. வகுத்து வந்த விடை, அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காது. உடனே '200-ஆம் எண் பிழை' என்று அறிவித்து நிரல் நின்றுவிடும். வேகமே பிழையாகிவிடுகிறது! ஆகவே பழைய பொறியைப் பழையதாகவே எழுப்பவேண்டிய தேவை, உலகெங்கும் தொழிற்சாலைகளில் நாள்தோறும் எழுகிறது.

எழுப்புதல் என்றேன். ஆங்கிலத்தில் இச்செயலுக்குப் 'பூட்' என்று பெயர். காலணியைக் குறிக்கும் சொல்தான் அது. தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்பவனைப் பற்றிய வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்தது. இந்த வேடிக்கைக்குள் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. கணிப்பொறி செய்யவேண்டிய வேலைகளெல்லாம் வன்தட்டில், அதாவது 'ஹார்ட் டிஸ்கில்', எழுதப்பட்டுள்ளன. வன்தட்டைப் படிப்பதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் எங்கே இருக்கிறது? அதுவும் வன்தட்டில் இருந்துவிட்டால் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதையாகிவிடும் அல்லவா? இதற்காகவே, மின்சாரம் போனாலும் அழியாத 'ரோம்' என்னும் நினைவகத்தில் ஒரு சிறு நிரலைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்து நிலைபெற்றதும், செயலி தன் முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைட்டுகள் கீழே உள்ள இடத்தை நாடிச் செல்லும். அங்கே காத்திருக்கும் முதல் கட்டளை, அதை அந்தச் சிறு நிரலிடம் அனுப்பும். அந்நிரல் பொறியின் உறுப்புகளைச் சோதித்து, வன்தட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளைப் படித்து, அவற்றின் கையில் பொறுப்பை ஒப்படைத்து விலகிக்கொள்ளும். அந்த 512 பைட்டுகள் அடுத்த பகுதியை அழைக்கும். இவ்வாறு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் செல்லும் தீவட்டியைப்போல ஆட்சி கைமாறி, இறுதியில் தொழிலுக்குரிய நிரல் கண் விழிக்கும்.

பொறி விழிக்கவில்லை என்றால், தீவட்டி எந்தக் கையில் அணைந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஒரு தொழிற்சாலையை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே 1990-களின் தொடக்கத்தில் வாங்கிய கடைசல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் 'லேத்து' என்பர். அதன் பக்கத்தில் எஃகுப் பெட்டி ஒன்றில் தொழிற்சாலைக் கணிப்பொறி அடங்கியிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டு, 1984-இலேயே தொழிற்சாலைகளுக்கெனத் தனி வகையையும் செய்தது. பிறகு பல நிறுவனங்கள் அவ்வழியைப் பின்பற்றின. பெட்டி கனமானது, தூசியைத் தடுக்க வடிகட்டி உண்டு, அதிர்ச்சியைத் தாங்கும். உள்ளே இருப்பதென்னவோ மேசைக் கணிப்பொறியின் உறுப்புகளேதாம். இந்தப் பொறி பல ஆண்டுகளாக நிறுத்தப்படாமலே ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறைக்காகத் தொழிற்சாலையை 4 நாள் மூடினார்கள். 5-ஆம் நாள் காலையில் விசையைத் தட்டினார்கள். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது.

'சென்ற வாரம் வரை நன்றாக ஓடிய பொறி, சும்மா இருந்த 4 நாளில் எப்படிக் கெட்டது?' என்று எல்லாரும் வியப்பார்கள். இந்த வியப்பில்தான் விடை ஒளிந்திருக்கிறது. அந்த 4 நாளில் எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை. பழுது 5 ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படாமல், விழிக்கும்போது மட்டும் தேவைப்படும் உறுப்புகள் சில உண்டு. அவை என்றோ செத்துவிட்டிருந்தாலும் பொறி ஓடும்வரை ஒருவருக்கும் தெரியாது. நிறுத்திய அன்றுதான் குட்டு வெளிப்படும். பழைய பொறிகளின் நோயில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் செய்யவேண்டியது, கையை எடுத்துக்கொள்வது. விசையை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் ஒவ்வொரு தட்டலும் நைந்துபோன உறுப்புகளுக்கு ஒரு புதிய அடி. மின்செருகியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் அட்டைகளும் கம்பிகளும் எந்த நிலையில் உள்ளன என்பதைப் படம் பிடித்துக்கொள்ளவேண்டும். பிறகுதான் திருப்புளி.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். 'விசிறி சுற்றுகிறதே, மின்சாரம் வருகிறது' என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள். விசிறி 12 வோல்ட்டில் சுழல்வது. செயலியும் நினைவகமும் வாழ்வது 5 வோல்ட்டில். இவை தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. ஆதலின் மல்டிமீட்டரை வைத்து, 5 வோல்ட்டுக் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் இடைப்பட்ட அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவும் சுமையோடு பார்க்கவேண்டும். சுமையில்லாதபோது நிமிர்ந்து நிற்கும் மின்வழங்கி, சுமை ஏறியதும் தளர்ந்துவிடக்கூடும். இன்னொன்றும் உண்டு. மின்வழங்கி, தன் அழுத்தங்கள் நிலைபெற்றுவிட்டன என்று தாய்ப்பலகைக்குத் தனிக் கம்பியொன்றில் குறிப்புத் தரும். அக்குறிப்பு வரும்வரை செயலி கட்டுண்டே கிடக்கும். குறிப்பு வராவிட்டால், விசிறி எவ்வளவுதான் சுழன்றாலும் பொறி உறங்கும்.

மின்வழங்கி தளர்வதற்குப் பெருங்காரணம் மின்பகு மின்தேக்கி. 'கெப்பாசிட்டர்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். அலுமினியத் தகடுகளைச் சுருட்டி, நடுவே ஒரு நீர்மத்தில் நனைத்த தாளை வைத்து, சிறு குவளைக்குள் அடைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நீர்மம் உலர்கிறது. வெப்பம் 10 பாகை செல்சியசு கூடுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. காற்றோட்டம் அடைபட்ட எஃகுப் பெட்டிக்குள் அதன் கதி என்னவென்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், சில மின்வழங்கிகளில் தொடங்குவதற்கென்றே ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். இயக்கத்தை முதலில் தூண்டிவிடுவது அதன் வேலை. அது உலர்ந்துபோனாலும், சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் மின்வழங்கி நிற்பதில்லை. குளிர்ந்தபின் தொடங்கச் சொன்னால்தான் மறுக்கும். சற்றுமுன் சொன்னேனே, என்றோ நேர்ந்த பழுது இன்று வெளிப்படும் என்று. அதற்கு இது முதற் சான்று.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. மின்வழங்கிக்குள் அது நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கிகளில் தேங்கி நிற்கும். செருகியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். ஆதலால் மின்வழங்கியின் மூடியை அனுபவமில்லாதவர் திறக்கவே கூடாது. அதைக் கழற்றி, வேறு நல்ல மின்வழங்கியை இணைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. அப்படி இணைக்கும்போது, அக்காலப் பலகைகளில் ஒரே மாதிரியான இரண்டு செருகிகள் பக்கத்தில் பக்கத்தில் அமையும். இரண்டின் கருப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று அடுத்து வரவேண்டும். இடம் மாறினால் தாய்ப்பலகை அந்த நொடியிலேயே மாண்டுபோகும்.

மின்சாரம் சரியாக இருக்கிறது. ஆயினும் திரை இருண்டிருக்கிறது என்று கொள்வோம். இப்போது பொறி பேசத் தொடங்கியிருக்கலாம், நமக்குத்தான் கேட்கவில்லை. ரோமில் உள்ள நிரல் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? திரையையே இன்னும் சோதிக்காத நிலையில் பழுதைத் திரையில் எழுதிக் காட்ட அதனால் இயலாது. ஆகவே ஒலியெழுப்பும். ஐ.பி.எம். பொறிகளில் ஒரே ஒரு குற்றொலி எழுந்தால் எல்லாம் நலம் என்று பொருள். ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் சேர்ந்து எழுந்தால் திரையை இயக்கும் அட்டையில் கோளாறு. யாப்புப் படித்த மாணவர்களுக்கு நெடிலும் குறிலும் பிரித்தறிவது கடினமன்று! ஆனால் இந்த ஒலிமொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உரிய கையேட்டைப் பாராமல் பொருள் கொள்வது தவறு.

ஒலியும் எழவில்லையெனில் வேறொரு வழி இருக்கிறது. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. பொறி தொடங்கி, சோதனை நிரல் ஒவ்வொரு சோதனையையும் மேற்கொள்ளும்போது அதற்குரிய எண்ணொன்றைப் பதினாறடிமானத்தில் 80 எனக் குறிக்கப்படும் வாயிலுக்கு அனுப்பி வைக்கும். வழக்கமாக அந்த எண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை. விலை மலிந்த ஒரு சோதனை அட்டையைப் பொருத்துவாயில் செருகினால், அதிலுள்ள இரண்டு இலக்கங்கள் அந்த எண்களை ஒளிர்ந்து காட்டும். எந்த எண்ணில் அது உறைந்து நிற்கிறதோ, அந்தச் சோதனையில் தீவட்டி அணைந்தது என்று பொருள். மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயைப் போன்றது இந்த அட்டை. இத்தனை எளிய கருவி கையருகே இருக்க, பலகையையே மாற்றவேண்டும் என்று முதல் பார்வையிலேயே தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

எண் நினைவகத்தைச் சுட்டினால், நினைவக அட்டைகளைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் செருகினாலே பெரும்பாலும் போதும். எண்ணெய்ப் புகை படியும் தொழிற்கூடத்தில் தொடுமுனைகள் மங்குவது இயல்பு. தேவையற்ற அட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டு, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். செய்ததை எழுதி வைக்கவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டுப் பொறி எழுந்துவிட்டால், எது மருந்து என்று தெரியாமற் போய்விடும்.

இனி, மின்கலம். இந்தப் பேச்சில் நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவது இதைப் பற்றியும் வன்தட்டைப் பற்றியுமே.

கணிப்பொறி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் நாளும் நேரமும் ஓடவேண்டும். தன்னோடு இணைந்த உறுப்புகள் எவையென்பதும் நினைவிலிருக்க வேண்டும். இதற்காக ஏ.டி. பொறியில் 64 பைட்டு அளவுள்ள ஒரு சின்னஞ்சிறு நினைவகத்தை அமைத்தனர். அதில் 14 பைட்டுகள் கடிகாரத்துக்கு. எஞ்சிய 50, பொறியின் அமைப்பைப் பற்றிய குறிப்புகளுக்கு. பொறி ஓடும்போது இந்நினைவகம் மின்வழங்கியிலிருந்து உணவு பெறுகிறது. நிறுத்திய பிறகு மட்டுமே மின்கலத்தை நாடுகிறது. மின்கலம் 5 ஆண்டுகளுக்கு முன்பே செத்துவிட்டது; பொறி ஓடிக்கொண்டேயிருந்ததால் ஒருவரும் அறியவில்லை. 4 நாள் விடுமுறை வந்தது, குறிப்புகள் மறைந்தன. இதுவே இரண்டாம் சான்று. பொறி விழித்தால்கூட, 'எனக்கு வன்தட்டு என்று ஒன்று இருப்பதாகவே நினைவில்லை' என்கிற நிலையில்தான் விழிக்கும்.

மின்கலம் வெறுமனே செத்திருந்தால் நல்லது. அக்காலப் பலகைகளில் நிக்கல்-காட்மியம் வகை மின்கலத்தைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். முதுமையில் அது கசியும். கசியும் நீர்மம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். செம்புத் தடங்களின்மேல் ஊர்ந்து, பச்சை பூத்து, மயிரிழை போன்ற அத்தடங்களை அரித்து அறுத்துவிடும். முதல் வேலையாக அம்மின்கலத்தை வெட்டி எடுத்துவிட்டு, நீர் கலந்த வினிகரால் காரத்தை முறித்து, தூய நீரால் கழுவி, நன்றாக உலர்த்தவேண்டும். அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைக்கவேண்டும். பொறுமை மிகுந்தவர்க்கே அந்த வேலை. வேறு சில பலகைகளில் டல்லஸ் நிறுவனத்தின் கடிகாரச் சில்லு இருக்கும். அதன் மின்கலம் சில்லின் உள்ளேயே பிசினுக்குள் புதைந்திருக்கும். 10 ஆண்டு வாழ்வதற்கென்று வடிவமைத்தார்கள். பொறியோ 30 ஆண்டைத் தாண்டிவிட்டது. கசியாது என்பது அதன் நற்குணம். மாற்றவேண்டுமானால் சில்லையே மாற்றவேண்டும் என்பது குறை.

மின்கலத்தை மாற்றியாயிற்று. மறந்துபோன குறிப்புகளை யார் சொல்லிக்கொடுப்பது? அந்நாளைய வன்தட்டுக்கு எத்தனை உருளை, எத்தனை தலை, ஒரு தடத்துக்கு எத்தனைப் பிரிவு என்று பொறிக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சான்றாக, 1980-களில் பெருவழக்காக இருந்த சீகேட் எஸ்.டி. 225 என்னும் வன்தட்டில் 615 உருளைகள், 4 தலைகள், தடத்துக்கு 17 பிரிவுகள். ஒரு பிரிவுக்கு 512 பைட்டு என்று பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 14 இலட்சத்து 11 ஆயிரத்து 840 பைட்டு வரும். இக்காலத்துக் கைப்பேசி எடுக்கும் சில ஒளிப்படங்களுக்கே அது போதாது. இந்த எண்களுள் ஒன்றைத் தவறாகச் சொன்னாலும் பொறி தட்டின் வேறு இடங்களைப் படிக்கும். படித்தால் பரவாயில்லை, அந்தத் தவறான கணக்கோடு எதையேனும் எழுதிவிட்டால் உள்ளிருப்பது பாழ். ஊகித்து எண்களை இடுவது இருட்டில் கத்தி வீசுவதற்குச் சமம். தட்டின்மேல் ஒட்டிய சீட்டையும் கையேட்டையும் பார்த்து, அப்போதும் எழுதவிடாமல், படித்து மட்டுமே பார்க்கவேண்டும்.

எண்களைச் சரியாகத் தந்த பின்னும், 'இயக்கத் தட்டு இல்லை. வேறு தட்டை இட்டு ஒரு விசையை அழுத்துக' என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தோன்றக்கூடும். பொறி உயிரோடிருக்கிறது, வன்தட்டிலிருந்துதான் தீவட்டி கைமாறவில்லை என்பதே அதன் பொருள். இந்த இடத்தில்தான் அவசரக்காரர் பெருந்தவறு செய்வார்கள். 'தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம்' என்பார்கள். எதை நிறுவுவார்கள்? இயந்திரத்தைச் செய்த நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். நிரலின் மூலத் தட்டு கிடைத்தாலும், அதிலில்லாத ஒன்று இந்த வன்தட்டில் இருக்கிறது. கடைசல் இயந்திரத்தின் கருவியை நகர்த்துவது ஒரு நீண்ட திருகுத் தண்டு. எந்தத் திருகும் முழுக்கத் துல்லியமாக அமைவதில்லை. இங்கே சில மைக்ரான் கூடும், அங்கே சில மைக்ரான் குறையும். ஒவ்வோர் இயந்திரத்தையும் நிறுவும்போது அந்தப் பிழைகளை இடத்துக்கு இடம் அளந்து, ஓர் அட்டவணையாக எழுதி, கணிப்பொறியில் இட்டிருப்பார்கள். அந்த அட்டவணை இந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. உலகில் வேறெங்கும் அதற்குப் படி இல்லை. அதை அளந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். தட்டைத் துடைத்தால் துடைக்கப்படுவது அந்த மனிதரின் உழைப்பு.

ஆதலின் வன்தட்டைத் தொடுவதற்குமுன் அதைப் படியெடுப்பதொன்றே குறிக்கோளாக இருக்கவேண்டும். ஒருவேளை தட்டு சுழலவே மறுக்கலாம். தட்டின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பானது. அதைப் படிக்கும் தலை, ஓய்வில் அதன்மேல் வந்து அமர்கிறது. பழைய தட்டுகளில், நெடுநேரம் அசையாதிருந்தால் தலை தட்டோடு ஒட்டிக்கொள்வதுண்டு. ஓடிக்கொண்டிருந்தவரை ஒட்டவில்லை, நிறுத்தியதும் ஒட்டிக்கொண்டது. இது மூன்றாம் சான்று. பெட்டியை விட்டுக் கழற்றி, தட்டு சுழலும் திசையில் கையால் சட்டென்று சிறிது திருப்பினால் பிடி விடுவதுண்டு. சுத்தியலால் தட்டுவோரும் உளர். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். சுழலத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தக் கூடாது. அடுத்த முறை சுழலும் என்பதற்கு உறுதியில்லை. படியெடுக்க வேண்டியவையெல்லாம் அணியமாகக் காத்திருக்கும்போதுதான் அதைத் திருப்பவே வேண்டும்.

படியெடுப்பதற்கு, 'டிடிரெஸ்கியூ' என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. வன்தட்டை வேறொரு நல்ல கணிப்பொறியோடு இணைத்து அதை ஓட்டலாம். அது கோப்புகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; பிரிவு பிரிவாகத் தட்டு முழுவதையும் அப்படியே எடுக்கும். எளிதில் படிக்கக் கூடியவற்றை முதலில் வாரிக்கொண்டு, படிக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்து, இறுதியில் அவற்றிடம் திரும்பி வந்து பொறுமையாக முயலும். தீப்பிடித்த வீட்டில், கைக்கெட்டிய பொருள்களை முதலில் வெளியேற்றிவிட்டுப் பிறகு பூட்டிய அறைக்குப் போவதைப் போன்றது அது. 1980-களின் மிகப் பழைய தட்டுகளை மட்டும் இன்றைய கணிப்பொறியோடு நேராக இணைக்க இயலாது. அவற்றைப் படிக்க அவற்றுக்குரிய பழைய அட்டையே துணை.

எடுத்த படியைக் கையடக்கமான 'காம்பாக்ட் ஃப்ளாஷ்' அட்டையில் பதிக்கலாம். ஒரு சிறு இணைப்பியின் உதவியால் அந்த அட்டை பழைய பொறிக்கு வன்தட்டாகவே காட்சி தரும். சுழலும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. பெரிய அட்டை வாங்கவேண்டும் என்ற ஆசை மட்டும் வேண்டாம். 1024 உருளை, 16 தலை, 63 பிரிவு என்பதற்குமேல் எண்ணத் தெரியாத பொறிகள் அவை. பெருக்கினால் 52 கோடியே 84 இலட்சம் பைட்டு அளவுக்குமேல் அவற்றுக்குக் கணக்கில்லை. பழைய தட்டு எந்தக் கணக்கில் பிரிக்கப்பட்டிருந்ததோ, அதே கணக்கைத்தான் பொறியின் குறிப்பிலும் இடவேண்டும். இல்லையேல் படி சரியாக இருந்தும் பொறி விழிக்காது.

இப்போது விசையைத் தட்டுகிறோம். நினைவகத்தின் எண்ணிக்கை திரையில் ஓடுகிறது, ஒரு குற்றொலி, சற்று அமைதி, பின் கடைசல் இயந்திரத்தின் பழைய திரைத் தோற்றம் எழுகிறது. மகிழ்ச்சியில் உடனே இரும்பைச் செருகி வெட்டத் தொடங்கிவிடக் கூடாது. அச்சுகளை நகர்த்தும் மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டித்து வைத்துவிட்டு, அந்தத் திருத்த அட்டவணை முழுமையாக வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்து, மெதுவாக நகர்த்திப் பார்க்கவேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள இரும்பை நகர்த்தும் எண்கள் அவை. ஒன்று பிழைத்தால் கருவி மட்டுமன்று, பக்கத்தில் நிற்பவர் கையும் போய்விடும்.

அட்டையின் மற்றொரு படியை வேறு கட்டடத்தில் வைக்கிறார்கள். உருளை, தலை, பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதி எஃகுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுகிறார்கள். புதிய மின்கலத்தின்மேல் அதை இட்ட தேதியைக் குறிக்கிறார்கள். கழற்றிய பழைய வன்தட்டை எறியாமல் பெயர் எழுதி அலமாரியில் வைக்கிறார்கள். இன்னும் ஒன்று செய்யவேண்டியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை, வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளைத் தேர்ந்து, மாற்று உறுப்புகளைக் கையருகே வைத்துக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பொறியைத் தாங்களாகவே நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் குளிரவிட்டு, மறுநாள் காலையில் விழிக்கிறதா என்று பார்க்கவேண்டும்.